குரூப் லிங்க் எங்கே ப்ரோ?

ஓப்பன் சோர்ஸ் ப்ராஜெக்ட் ஆரம்பித்த உடனே நம்ம ஆட்கள் செய்யும் முதல் வேலை, வாட்ஸ்அப் குரூப் திறப்பது. ஒரு வரி கோட் இருக்காது, ஆனா குரூப்புக்கு டிபி ரெடி. எங்கே பேசுறதுங்கிறது சும்மா வசதி பற்றிய விஷயம்னு நினைக்கிறோம். யார் உள்ளே வருவாங்க, யார் வரவே மாட்டாங்க என்பதும் அங்கேயேதான் முடிவாகிறது.

வாட்ஸ்அப் குரூப்பில் சேர்ந்தாலே நம்பர் எல்லாருக்கும் தெரியும். முகம் தெரியாத 200 பேருக்கு நம்பரைக் கொடுத்துட்டுத்தான் ஒரு ஃபர்ஸ்ட் இயர் பொண்ணு ஒரு பக் பற்றிக் கேட்கணுமா? பல பேர் கேட்காமலே போயிடுவாங்க. அப்படிப் போனதுகூட நமக்குத் தெரியாது.

டிஸ்கார்டில் அந்தப் பிரச்சினை இல்லை. ஆனா அங்கே பேசுறது கூகுளில் தேடினால் வராது. ஒரே எர்ரரைப் பத்து பேர் பத்து தடவை கேட்பாங்க. பதில் சொல்ற சீனியர் நாலாவது தடவையே ஆஃப்லைன். ஸ்லாக் இலவசக் கணக்கில் 2022லிருந்து கடைசி 90 நாள் மெசேஜ்தான் பார்க்கலாம். ஒரு வருஷத்துக்கு மேல் பழையதை 2024லிருந்து அழிக்கவே ஆரம்பிச்சுட்டாங்க.

லினக்ஸ் பற்றி லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 ஆகஸ்டில் யூஸ்நெட்டில் போட்ட அறிவிப்பை இன்னைக்கும் படிக்கலாம். எங்க க்ளப் ப்ராஜெக்டில் ஏன் டேட்டாபேஸை மாத்தினோம்னு கேட்டால், அந்தப் பதில் பாஸ் அவுட் ஆகிப் போன ஒரு அண்ணனோட போனில் இருக்கு.

அதுக்காக லினக்ஸ் கெர்னல் மாதிரி எல்லாத்தையும் ஈமெயிலில் நடத்தச் சொல்லலை. அந்த செட்டப்பைப் பார்த்தே பாதி ஜூனியர்ஸ் ஓடிடுவாங்க. பைத்தான் டெவலப்பர்களே மெயிலிங் லிஸ்ட்டிலிருந்து டிஸ்கோர்ஸுக்கு மாறிட்டாங்க. ஆனா அங்கேயும் லாகின் இல்லாமல் யார் வேணும்னாலும் படிக்கலாம், தேடலாம். அதை மட்டும் அவங்க விட்டுக்கொடுக்கலை.

மீம், ராத்திரி ரெண்டு மணி டீபக்கிங், இதெல்லாம் சாட்டிலேயே இருக்கட்டும். முடிவு எடுத்தால் அன்னைக்கே கிட்ஹப் இஷ்யூவில் ரெண்டு வரி எழுதணும். எழுதாத முடிவு செல்லாது. "ஸ்லோ ஆகிடும்டா"ன்னு சொல்வாங்க. ஆகட்டும். இன்டர்னல்ஸ் வாரத்தில் போனை ஆஃப் பண்ணி வெச்சவனும் திரும்பி வந்து படிச்சு, "இது வேண்டாம்"னு சொல்ல முடியும் இல்லையா? ரீட்மீயில் முதல் லிங்க்கா இஷ்யூ பக்கத்தைப் போடுங்க. குரூப் லிங்க் அதுக்குக் கீழே இருந்தால் போதும்.