உப்புத் தண்ணீர் எட்டாத இடம்

திராட்சையை உப்பும் மஞ்சளும் கரைத்த தண்ணீரில் அரைமணி நேரம் ஊறப்போட்டால் பூச்சிமருந்தெல்லாம் இறங்கிவிடும் என்று தமிழ்நாட்டில் பலர் உறுதியாக நம்புகிறார்கள். மேலே படிந்த வெண்மை போய்விட்டால் மனம் நிம்மதியாகிறது. அந்த வெண்மை பெரும்பாலும் திராட்சை தானே சுரக்கும் மெழுகு. மருந்து கண்ணுக்குத் தெரிவதில்லை.

கழுவத்தான் வேண்டும். தோலின் மேல் நிற்கும் மருந்தில் ஒரு பகுதி குழாய்த் தண்ணீரிலேயே போகும். உள்ளே இறங்கியது? 2017-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆப்பிளில் இரண்டு மருந்துகளைப் பூசி, ஒரு நாள் விட்டு, சமையல் சோடாக் கரைசலில் ஊறவைத்தார்கள். போஸ்மெட் 15 நிமிடத்தில் 96 சதவீதம் நீங்கியது. தயாபெண்டசோல் 12 நிமிடத்தில் 80 சதவீதம்தான் நீங்கியது. அது தோலுக்குள் இன்னும் ஆழமாக ஊடுருவியிருந்தது. ஒரே நாளில் இவ்வளவு என்றால், செடியின் சாற்றோடு ஓடும் இமிடாகுளோபிரிட் போன்ற மருந்தை எந்தப் பாத்திரத்தில் ஊறவைப்பது?

2010-இல் ஐரோப்பாவுக்குப் போன இந்தியத் திராட்சையில் குளோர்மெக்வாட் என்ற வளர்ச்சி ஒழுங்கி வரம்பை மீறியிருந்தது, சரக்குகள் மறுக்கப்பட்டன. கவாத்துக்குப் பிறகு கொடிக்கு அடித்தது, மாதங்கள் கடந்து பழத்தில் நின்றது. அதைக் காட்டிக்கொடுத்தது ஆய்வகச் சோதனை. பின்னர் இங்கேயே ஏற்றுமதிக்கு முன் பார்க்கும் பட்டியலில் அந்த மருந்தும் சேர்ந்தது. 2006 முதல் நடக்கும் 'கிரேப்நெட்' முறையில் ஏற்றுமதித் தோட்டங்கள் பதிவு செய்யப்படுகின்றன. அறுவடைக்கு முன்பே மாதிரி எடுக்கிறார்கள். வரம்பை மீறினால் அந்தத் தோட்டத்துப் பழம் கப்பலேறாது.

ஆக, நம் நாட்டுக்கு இது தெரியாத வித்தை அல்ல. உள்ளூர்ச் சந்தைக்கு வரும் பழத்துக்குத்தான் அந்தக் கட்டாயம் இல்லை. உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி அதிகாரி எடுக்கும் மாதிரிக்கு முடிவு சொல்ல 14 நாள் அவகாசம் உண்டு. அதற்குள் பழம் தின்று தீர்ந்துவிடும். மத்திய வேளாண் அமைச்சகமும் 2005-06 முதல் விளைபொருளில் தங்கும் மருந்து எச்சங்களைக் கண்காணித்து வருகிறது. ஆனால் நாளை கடைக்கு வரும் கூடையை அந்தக் கண்காணிப்பு நிறுத்துவதில்லை.

உப்புத் தண்ணீர் நம்பிக்கையின் உண்மையான கேடு இங்கேதான். அரசும் சந்தையும் சுமக்க வேண்டிய பொறுப்பு அடுக்களைக்குத் தள்ளப்படுகிறது. பிள்ளைக்கு ஏதாவது ஆனால் தாய் சரியாகக் கழுவவில்லை என்ற பழி வருகிறது. சென்னைக் கோயம்பேடு சந்தைக்கு வரும் ஒவ்வொரு சரக்கும் எந்தத் தோட்டத்திலிருந்து வந்தது, கடைசியாக மருந்து அடித்தது எப்போது என்பதற்குப் பதிவு வேண்டும். சோதனை முடிவுகள் சந்தையிலேயே ஒட்டப்பட வேண்டும். மீறல் தெரிந்தால், அடுத்த அறுவடைக்கு முன் விவசாயியிடம் வேளாண் அலுவலர் போய்ச் சேர வேண்டும்.