கோடையில் உருகாத பனி

தட்பவெப்பம் மாறுவது இயற்கையின் சுபாவம் என்றும், பனியுகங்கள் மனிதன் கேட்டு வந்தவையல்ல என்றும், ஆதலால் இன்று பூமி சூடேறுவதற்கு அவனைக் குற்றஞ்சாட்டுவது வீண் என்றும் ஒரு வாதம் அடிக்கடி காதில் விழுகிறது. அதன் முற்பாதி முழு உண்மை. ஆயின் அவ்வுண்மை நமக்குக் கிடைத்த சரித்திரத்தை அறிந்தவர் பிற்பாதியைச் சொல்லத் துணியார் என்பது என் அபிப்பிராயம்.

சுவிட்சர்லாந்தின் ஜூரா மலைச் சரிவுகளில், சுண்ணாம்புக்கல் நிலத்தின்மீது, அம்மலைக்குச் சற்றும் உறவில்லாத பெரும் கருங்கற் பாறைகள் தனித்தனியே கிடக்கின்றன. ஆல்ப்ஸ் மலையினின்று அவற்றைச் சுமந்து வந்தவை பனியாறுகளே என்றும், ஐரோப்பாவின் பெரும்பகுதியை ஒரு காலத்தில் பனி மூடியிருந்தது என்றும் 1837இல் லூயி அகாசி எடுத்துரைத்தார். மலையில் வேட்டையாடித் திரிந்த எளிய மனிதர்கள் பனியாறுகளின் பழைய எல்லையை அவருக்கு முன்பே கண்டுகொண்டிருந்தார்கள் என்பதையும் இங்கே சொல்லத்தான் வேண்டும்.

அந்தப் பனி ஏன் வந்தது, ஏன் போயிற்று? இவ்வினாவோடு போராடியவர்களில் என் உள்ளத்தை மிகவும் கவர்ந்தவர் ஜேம்ஸ் குரோல். ஸ்காட்லாந்தில் ஏழைக் குடியில் பிறந்து, இளமையிலேயே பள்ளியை விட்டு, தச்சு வேலையும் தேயிலை வியாபாரமும் செய்து நொந்து, 1859இல் கிளாஸ்கோ நகரத்து அருங்காட்சியகம் ஒன்றில் காவலராக அமர்ந்த அவர், அங்கிருந்த நூல்களைத் தாமே பயின்று, பூமி சூரியனைச் சுற்றும் பாதை யுகந்தோறும் சிறிது மாறுவதும், வெண்பனி வெயிலைத் திருப்பியனுப்பிக் குளிரை மேலும் வளர்ப்பதும் சேர்ந்தே பனியுகத்தை உண்டாக்குகின்றன என்று 1864 முதல் எழுதலானார்.

அவர் ஓரிடத்தில் தவறினார்; கடுங்குளிர்காலமே காரணம் என்று எண்ணினார். பின்வந்த செர்பிய அறிஞர் மிலுடின் மிலன்கோவிச், வெப்பங்குன்றிய கோடையே காரணம் என்று கணக்கிட்டுக் காட்டினார். குளிர்காலத்தில் பெய்த பனியில் ஒரு விரற்கடை கோடையிலும் உருகாது எஞ்சினால் போதும். அதன்மேல் மறு ஆண்டுப் பனி படியும். அதன்மேல் அடுத்த ஆண்டுப் பனி. இவ்வாறே கண்டத்தை மூடும் பனிமலை எழும். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் இப்பனியில் அடங்கிய நீரினால் கடல்மட்டம் ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. பாக் நீரிணை அன்று கால்நடையாகக் கடக்கத்தக்க நிலமாயிருந்தது. 1976இல் ஆழ்கடற் சேற்றை ஆராய்ந்தவர்கள், பூமியின் இயக்கம் மாறும் தாளகதியையே, சுமார் 23,000, 41,000, 1,00,000 ஆண்டுகள் என்று அதிலும் கண்டார்கள்.

ஆயினும் வெயிலின் அச்சிறு ஏற்றக்குறைவு மட்டும் அத்தனை பெரிய மாறுதலைச் செய்துவிடவில்லை. அண்டார்டிகப் பனியில் சிறைப்பட்ட காற்றுக் குமிழிகளை ஆராய்ந்ததில், கரியமில வாயு பனியுகத்தில் பத்து லட்சத்தில் சுமார் 180 பங்காகவும், இடைப்பட்ட வெப்பகாலத்தில் சுமார் 280 பங்காகவும் இருந்து, சூரியன் தொடங்கிய மாறுதலைப் பன்மடங்காக்கியது தெரிகிறது. எட்டு லட்சம் ஆண்டுகளில் 300 பங்கை அரிதாகத் தொட்ட அந்த வாயு, நிலக்கரியும் எண்ணெயும் எரிக்கத் தொடங்கிய இரண்டு நூற்றாண்டுக்குள் 420ஐத் தாண்டிவிட்டது. வடபுலத்துக் கோடை வெயிலோ ஏறத்தாழ பதினோராயிரம் ஆண்டுகளாக மெல்லக் குறைந்துகொண்டே வருகிறது. மிலன்கோவிச்சின் கணக்குப்படி பூமி இப்போது சிறிது சிறிதாகக் குளிர்ந்துகொண்டிருக்க வேண்டும்.