ஐ.டி. கார்டு இருக்கா தம்பி?

போன வாரம் வைவாவுல நான் வாங்கின பல்பைப் படிச்சுட்டு சிரிச்சவங்களுக்கு நன்றி. இந்த வாரம் கொஞ்சம் சீரியஸ். சிரிக்கலாம்னு வந்தவங்க மன்னிச்சுடுங்க, அடுத்த வாரம் பார்த்துக்கலாம்.

முதல்ல ஒரு சின்ன வேலை. உங்க கழுத்தைத் தொட்டுப் பாருங்க. டேக் தொங்குதா? கேட்ல செக்யூரிட்டி தாத்தா முறைச்சாத்தான் நமக்கு அதோட ஞாபகமே வரும். கேன்டீன்ல சாம்பார்ல நனையும். அதுல இருக்கற போட்டோவை நம்ம அம்மாவுக்குக்கூட பிடிக்காது. ஆனா அந்த அட்டைக்கு ஒரு பவர் இருக்கு பாஸ். எனக்கு அது தெரிஞ்சது தெர்மல் எக்ஸாமுக்கு முந்தின ராத்திரி.

மணி ஒண்ணு. ரெண்டாவது யூனிட்டைத் திறந்தா எழுத்தெல்லாம் டான்ஸ் ஆடுது. பைபாஸ் டீக்கடைக்குப் போகலாம்னு கிளம்பினேன். ரூம்மேட்ஸ் யாரும் வரலை. மெஸ் வாசல்ல எங்க மெஸ் பையன் உட்கார்ந்திருந்தான். எனக்கு மட்டும் ரெண்டாவது ஆம்லெட்டைத் தட்டுக்கு அடியில ஒளிச்சு வெச்சுக் குடுக்கற புண்ணியவான். அவனுக்கும் இருபது, எனக்கும் இருபது. ஆனா அவன் என்னை 'அண்ணா'ன்னு கூப்பிடுவான், நான் அவனை 'டா' போட்டுப் பேசுவேன். இதுல என்ன தப்புன்னு அன்னிக்கு வரைக்கும் யோசிச்சதே இல்லை. பேரு எழுத வேண்டாம்னு சொல்லிட்டான், அதனால எழுதலை. மத்ததை எழுதிக்கோங்கன்னான்.

பைக் என்னோடது. ஓட்டினது நான். ஹெல்மெட் ரெண்டு பேருக்குமே இல்லை. என் லைசென்ஸ் ரூம்ல, பேன்ட் பாக்கெட்ல தூங்குது. ஆக, அந்த ராத்திரி அந்த ரோட்டுல லைசென்ஸ் காட்ட முடியாம மாட்ட வேண்டிய ஆள் யாருன்னு உங்களுக்கே புரிஞ்சிருக்கும்.

பாலத்துக்குக் கீழே டார்ச் வெளிச்சம். வண்டியை ஓரம் கட்டினேன்.

"ஐ.டி. கார்டு இருக்கா தம்பி?"

லைசென்ஸ் எங்கேன்னு கேட்கலை, கவனிங்க. நல்லவேளையா டேக் கழுத்துலயே இருந்துச்சு. காட்டினேன். "மெக்கானிக்கலா? அப்பா என்ன பண்றாரு?" "பேங்க்ல இருக்கார் சார்." "ஹெல்மெட் போடணும் தம்பி... படிக்கிற பிள்ளைங்க." அவ்வளவுதான். அக்கறையா சொன்னார், பொய் சொல்லக்கூடாது.

அப்புறம் டார்ச் பின் சீட்டுக்குத் திரும்புச்சு. "நீ யார்றா?" தம்பி போயே போச்சு! மெஸ்ல வேலைன்னான். "எந்த ஊரு?" சொன்னான். "என்ன ஆளுங்க?"

கொஞ்ச நேரம் பேசாம நின்னான். அப்புறம் மெதுவா சொன்னான். கூடை முடையற குறவர் குடும்பம். அதுக்கு மேல எதுவுமே கேட்கலை ஃப்ரெண்ட்ஸ். "ஏரியாவுல ரெண்டு பைக் காணாம போயிருக்கு. நீங்க போங்க தம்பி, இவனை விசாரிச்சுட்டு அனுப்பறோம்."

நான் என்ன பண்ணேன்? பஞ்ச் டயலாக் பேசினேன்னு எழுத ஆசைதான். "ஏதாவதுன்னா போன் பண்ணுடா"ன்னு அவன்கிட்ட சொல்லிட்டு வண்டியை ஸ்டார்ட் பண்ணேன். ரூமுக்கு வந்து ரெண்டாவது யூனிட்டை முடிச்சேன். மறுநாள் அதுலருந்து பதினாறு மார்க் கேள்வி வந்துச்சு. எழுதினேன்.

எக்ஸாம் முடிஞ்சு வந்து பார்த்தா மெஸ்ல தட்டு கழுவிட்டு இருந்தான். காலையில ஒன்பது மணிக்குத்தான் விட்டிருக்காங்க. "அடிச்சாங்களா?" "அடிக்கலாம் இல்லைண்ணா, சும்மா ரெண்டு தட்டுதான்." போட்டோ எடுத்தாங்களாம், பத்து விரலையும் மையில உருட்டி ஒரு பேப்பர்ல ரேகை எடுத்தாங்களாம். விரல் நுனியில இன்னும் கறுப்பு இருந்துச்சு. விம் போட்டும் போகலைன்னு சிரிச்சான்.

அன்னிக்கு சாயங்காலம் என் ரூம்மேட்கிட்ட புலம்பினேன். அவன் உசிலம்பட்டிக்காரன். 'ரேகை'ங்கற வார்த்தையைக் கேட்டதும் எழுந்து உட்கார்ந்துட்டான். "எங்க பக்கத்துல பெருங்காமநல்லூர்னு ஒரு ஊரு. ரேகை வைக்க மாட்டோம்னு சொன்னதுக்கு சுட்டுட்டாங்கடா"ன்னான். நான் அதுவரைக்கும் கேள்விப்பட்டதே இல்லை. நீங்க கேள்விப்பட்டிருக்கீங்களா?

1871-ல வெள்ளைக்காரன் ஒரு சட்டம் போட்டான். குற்றப் பரம்பரைச் சட்டம். 1911-ல அது சென்னை மாகாணத்துக்கும் வந்துச்சு. ஒரு ஆள் திருடினாரா இல்லையாங்கறது அதுல கேள்வியே இல்லை. எந்தச் சாதியில பிறந்தாருங்கறதுதான் கேள்வி. குறவர், பிரமலைக் கள்ளர்னு பல சமூகங்களை லிஸ்ட்ல சேர்த்தாங்க. ரேகையைப் பதியணும், ராத்திரியானா வந்து ஆஜர் சொல்லணும், வெளியூர் போகணும்னா சீட்டு வாங்கணும். 1920 ஏப்ரல் 3-ம் தேதி பெருங்காமநல்லூர்க்காரங்க ரேகை வைக்க மறுத்தாங்க. போலீஸ் சுட்டதுல பதினாறு பேர் செத்தாங்க. அதுல மாயக்காள்னு ஒரு பெண்ணும் உண்டு. சென்னை மாகாணத்துல இந்தச் சட்டம் ஒழிஞ்சது 1947-ல. நாடு முழுக்க 1952 ஆகஸ்ட் 31-ல.

சட்டம் போயிடுச்சு, சரி. ஆனா 1948-லயே 'வழக்கமான குற்றவாளிகள்' பேர்ல இங்கே வேற ஒரு சட்டம் வந்துடுச்சு. பேரேடு மாறுச்சு, பேரு மாறுச்சா? 2024 அக்டோபர் 3-ம் தேதி சுப்ரீம் கோர்ட் ஒரு தீர்ப்பு குடுத்துச்சு. ஜெயில்ல சாதி பார்த்து வேலை பிரிச்சுக் குடுக்கறதுக்கு எதிரா ஒரு பத்திரிகையாளர் போட்ட வழக்கு அது. ஜெயில் ரிஜிஸ்டர்ல இருக்கற சாதி காலத்தையே எடுங்கன்னு சொன்ன அந்தத் தீர்ப்பு, இந்தச் சமூகங்களைச் சேர்ந்தவங்களைக் கண்டபடி கைது பண்ணக் கூடாதுன்னு போலீஸுக்கும் சேர்த்துச் சொல்லுச்சு. 1952 எங்கே, 2024 எங்கே! எழுபத்திரண்டு வருஷம் கழிச்சும் இதை ஒரு கோர்ட் சொல்ல வேண்டியிருக்கு பாருங்க.

'ஜெய் பீம்' 2021-ல வந்தப்போ நாம எல்லாரும் ஸ்டேட்டஸ் வெச்சோம். நான் அழுதேன்கூட. படத்துல இருளர்னு காட்டினாங்க. அது எந்த நிஜ வழக்கை வெச்சு எடுத்ததோ, 1993-ல நடந்த அந்த வழக்குல செத்துப்போன ராஜாக்கண்ணு குறவர் சமூகத்தைச் சேர்ந்தவர். அந்தப் படத்தைப் பார்த்து அழுத அதே நான்தான் பாலத்துக்குக் கீழே வண்டியை ஸ்டார்ட் பண்ணேன்.

சரி, சட்டப்படி என்னன்னு பார்ப்போமேன்னு லைப்ரரியில உட்கார்ந்தேன். (மெக்கானிக்கல் பையன் சட்டப் புத்தகம் கேட்டதும் லைப்ரேரியன் ரெண்டு தடவை பார்த்தார்.) கைது பண்ணினா காரணம் சொல்லணும், வக்கீலைப் பார்க்க விடணும், 24 மணி நேரத்துக்குள்ள மாஜிஸ்ட்ரேட் முன்னால நிறுத்தணும். அரசியல் சட்டத்தோட 22-வது பிரிவு. வீட்டுக்குத் தகவல் சொல்லணும், கைதுக்கு மெமோ எழுதி சாட்சி கையெழுத்து வாங்கணும்னு 1996-ல டி.கே.பாசு வழக்குல சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு. 2022-ல வந்த அடையாளச் சட்டத்துலகூட, ரேகை எடுக்கறது தண்டனை பெற்றவங்க, கைதானவங்க மாதிரி ஆட்கள்கிட்டதான். மத்தவங்ககிட்ட எடுக்கணும்னா மாஜிஸ்ட்ரேட் உத்தரவு வேணும்.

எல்லாம் சூப்பர். ஆனா ஒரு ஓட்டை இருக்கு, கவனிச்சீங்களா? இந்தப் பாதுகாப்புல முக்கால்வாசி 'கைது'ங்கற வார்த்தையிலருந்துதான் ஆரம்பிக்குது. அவனை யாருமே கைது பண்ணலையே! 'விசாரிச்சுட்டு அனுப்பறோம்' அவ்வளவுதான். எந்த ரிஜிஸ்டர்லயும் அந்த எட்டு மணி நேரம் இருக்காது. 2025 ஜூன்ல சிவகங்கை மாவட்டம் மடப்புரத்துல கோயில் காவலாளி அஜித்குமாரையும் விசாரணைக்குன்னுதான் கூட்டிட்டுப் போனாங்க. கார்ல வெச்ச நகை காணோம்னு ஒரு புகார். அவர் உயிரோட திரும்பலை. அந்த வார்த்தையை நான் இப்பல்லாம் சாதாரணமாக் கேட்கறதில்லை.

எங்க கிளாஸ் பையன் ஒருத்தனோட அப்பா ஏட்டு. நல்ல மனுஷன், எங்களுக்கு பரோட்டா வாங்கித் தருவார். அவர்கிட்டயே கேட்டேன். ஏன் அங்கிள் இப்படின்னு. கோபப்படலை. "காணாமப் போன வண்டிக்கு மேல கணக்கு கேட்பாங்க தம்பி. உன்னை உட்கார வெச்சா அரை மணி நேரத்துல நாலு போன் வரும். அவனுக்கு யார் பண்ணுவா?" டீ ஆத்திக்கிட்டே சொன்னார்.

யோசிச்சுப் பார்த்தா, அன்னிக்கு போன் பண்ண வேண்டிய ஆள் நான்தானே? அப்பாவுக்கு ஒரு போன், வார்டனுக்கு ஒரு போன். என் போன்ல 80 பர்சன்ட் சார்ஜ் இருந்துச்சு.

இன்னொண்ணும் இருக்கு, இது நம்ம ஏரியா. 2021-லருந்து தமிழ்நாடு போலீஸ்கிட்ட முகத்தை வெச்சு ஆளை அடையாளம் காட்டற சாஃப்ட்வேர் இருக்கு. கோடிங் படிக்கிறவங்களுக்குத் தெரியும், மெஷின் தன்கிட்ட இருக்கற போட்டோக்களுக்குள்ளதான் தேடும். யார் மூஞ்சி டேட்டாபேஸ்ல இருக்கோ, தப்பா மேட்ச் ஆனாலும் அவங்களுக்குத்தான் ஆகும். என் மூஞ்சி அதுல இல்லை, ஏன்னா என்னை யாரும் போட்டோ எடுக்கலை. அவன் மூஞ்சியை எடுத்த போன்லருந்து அது எங்கே போச்சுன்னு அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

ரெண்டு வாரம் கழிச்சு அடுத்த வண்டி காணாமப் போச்சு. நேரா மெஸ்ஸுக்கே வந்துட்டாங்க. ரேகை குடுத்த ஆளாச்சே! இந்தத் தடவை மூணு மணி நேரம். மெஸ் கான்ட்ராக்டர் கையைப் பிசைஞ்சார். "நல்ல பையன்தான், ஆனா போலீஸ் வந்து நின்னா ஹாஸ்டல் பேர் என்னாகும்?" வேலையே போயிடும்போல இருந்துச்சு.

அப்பதான் நான் ஒரு ஐடியா பண்ணேன். கம்ப்யூட்டர் லேப்ல உட்கார்ந்து ஒரு லெட்டர் டைப் பண்ணேன். 'இவர் எங்கள் விடுதி உணவகத்தில் மூன்று ஆண்டுகளாகப் பணிபுரிகிறார்.' வார்டன்கிட்ட ரெண்டு நாள் அலைஞ்சு கையெழுத்தும் சீலும் வாங்கினேன். ஜெராக்ஸ் கடையில முப்பது ரூபாய்க்கு லேமினேஷன். பெருமையா கொண்டுபோய்க் குடுத்தேன். சட்டைப் பாக்கெட்ல வெச்சுக்கிட்டான். ரூமுக்கு வந்து உசிலம்பட்டிக்காரன்கிட்ட சொன்னா, அவன் ரொம்ப நேரம் பேசவே இல்லை. அப்புறம் கேட்டான்: "நீ அவனுக்கு சீட்டு போட்டுக் குடுத்திருக்க... அதானே?"

என்கிட்ட பதில் இல்லை. லெட்டரைத் திரும்ப வாங்கவும் முடியலை.

போன வெள்ளிக்கிழமை ராத்திரி மறுபடியும் பைபாஸ். இந்தத் தடவை லைசென்ஸ் இருந்துச்சு, ரெண்டு ஹெல்மெட் இருந்துச்சு. பாலத்துக்குக் கீழே அதே டார்ச், வேற போலீஸ்காரர். என் டேக்கைப் பார்த்தார், விட்டுட்டார். அவன் பாக்கெட்லருந்து லேமினேஷனை எடுத்து நீட்டினான். டார்ச் அடிச்சு முழுசாப் படிச்சார். படிச்சுட்டு என்னைப் பார்த்துக் கேட்டார், "இது யார் கையெழுத்து தம்பி?"

"அவர்கிட்டயே கேளுங்க சார்"ன்னேன். குரல் நடுங்குச்சு, மறைக்கலை.

போலீஸ்காரர் என்னையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரு லாரி போச்சு. அப்புறம் அவன்தான் சொன்னான், "வார்டன் சார் போட்டது சார்." லெட்டரை மடக்கப் பார்த்தார், லேமினேஷன் மடங்கலை. திருப்பிக் குடுத்துட்டு, "போங்க"ன்னார்.

டீக்கடையில ரெண்டு டீ சொன்னோம். "என்னண்ணா, என்னைப் போய் 'அவர்'னு சொல்லிட்டீங்க"ன்னு சிரிச்சான். நமக்கு ஒரே வயசுதானே, நீயும் பேர் சொல்லிக் கூப்பிடேன்னு சொன்னேன். டீயைப் பாதி குடிக்கிற வரைக்கும் யோசிச்சான்.

"பழகிடுச்சுண்ணா"ன்னான். டீக்கு அவன்தான் காசு குடுத்தான்.