ஓட்டையைப் பெரிதாக்கும் கலை

பொருந்தாத ஆணியைப் பொருத்துவதற்கு நமது கிழக்குக் கரையின் கராஜ்களில் ஒரே ஒரு வழிதான் உண்டு: ஓட்டையைப் பெரிதாக்குவது. இதற்குத் தொழில் என்று பெயர். கூலியும் கேட்கிறார்கள்.

கோமாரியில் நண்பரொருவரின் தந்தை விட்டுச்சென்ற பெட்போர்ட் டி.ஜே. வகை லொறி ஒன்று நிற்கிறது. எஞ்சின் ஓடுகிறது; பெட்டிக்கு மரமும் கிடைத்துவிட்டது. வேலை தடைப்பட்டு நிற்பது உட்புறத்தில். கதவுக் கைபிடி, கண்ணாடி ஏற்றும் பிடி, ஆசனச் சட்டத்தின் போல்ட்டுகள், கருவிப் பலகையின் சின்னஞ்சிறு ஸ்குரூக்கள். எல்லாவற்றையும் சேர்த்தால் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் அடங்கிவிடும். அந்த டின்னைத் தூக்கிக்கொண்டு நானும் அவரும் பொத்துவில் முதல் கல்முனை வரை கடை கடையாக ஏறி இறங்கினோம். எல்லா இடத்திலும் மில்லிமீற்றர் போல்ட்டையே நீட்டினார்கள். “எல்லாம் ஒன்றுதான் சேர், இறுக்கினால் பிடிக்கும்” என்றார் ஒரு முதலாளி.

ஒன்றல்ல. 1948இல் பிரித்தானியா, அமெரிக்கா, கனடா ஆகிய மூன்று நாடுகளும் பொதுவான அங்குலப் புரியளவு ஒன்றுக்கு உடன்பட்டன. டி.ஜே. 1958இல் வந்தது, அக்காலத்துப் பிரித்தானிய வாகனங்களில் பெரும்பாலும் காணப்படுவது இந்த யூனிபைட் புரியே. அதற்கு முந்தியவற்றில் விட்வர்த், பி.எஸ்.எஃப். புரிகள்; மின்கருவிகளில் பி.ஏ. என்று தனியாக ஒன்று. கால் அங்குல யு.என்.எஃப். போல்ட்டின் விட்டம் 6.35 மில்லிமீற்றர், அங்குலத்துக்கு 28 புரிகள். கடைக்காரர் தரும் எம்6 போல்ட்டுக்கு 25.4. அது உள்ளே ஆடும். 5/16 அங்குலத்தின் கதைதான் மோசம். அதன் விட்டம் 7.94 மில்லிமீற்றர், புரிகள் 24. எம்8 கிட்டத்தட்ட அதே தடிப்பு, புரிகளோ 20.3. ஆகையால் இரண்டு சுற்று இனிமையாக ஏறும், பிறகு இறுகும். நமது பாஸ் அதைப் ‘பிடித்துவிட்டது’ என்று கொண்டாடி ஸ்பனருக்குக் குழாய் மாட்டி முறுக்குவார். உள்ளே பற்றவைக்கப்பட்டிருக்கும் நட்டின் புரி அத்தோடு சிதைந்துவிடும்.

அந்த நட்டுத்தான் ஆசனத்தைப் பிடித்திருக்கிறது. அந்த ஆசனத்தில் ஒரு மனிதன் அமர்ந்து ஏ4 வீதியில் பாரமேற்றிய லொறியை ஓட்டப்போகிறான்!

புரி சிதைந்தபின் நடப்பது தெரிந்ததே. துளையைப் பெரிதாக்கி, சீலிங் பலகைக்கு அடிக்கும் கறுப்பு ஸ்குரூவை ஏற்றிவிடுவார்கள். கடற்காற்று அடிக்கும் ஊரில் அது எத்தனை மாதம் தாங்கும்? துருநீர் வழிந்து புதுப் பூச்சையும் பாழாக்கும்.

வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்குக்கு இவ்வளவு ஆவேசம் தேவையா என்று கேட்பார்கள். 1970 முதல் 1977 வரையான இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்தில் இந்த நாட்டின் லொறிகளை ஓடவைத்தவர்கள் கடைசல்காரர்களே. இல்லாத போல்ட்டை அவர்கள் கடைந்தெடுத்தார்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டது. 2025இல்தான் பரவலாகத் திறந்தது. இம்முறை அந்தக் கைகளில் பெரும்பாலானவை இல்லை. பழைய வண்டிகளும் இல்லை. கதவுப் பிடியோடும் பிணைச்சலோடும் கிலோக் கணக்கில் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டோம். இதே பெட்போர்ட்டை நம்பிப் பல பதிற்றாண்டுகள் பிழைத்த பாகிஸ்தானில், பட்டறைக்காரர்கள் அதன் பாகங்களைத் தாங்களே செய்யப் பழகிக்கொண்டார்கள். நமக்கு மட்டும் ஏன் துளைக்கும் இயந்திரத்தைத் தவிர வேறெதுவும் பிடிக்கவில்லை?

தொழிற்பயிற்சி தருவோர் அங்குலப் புரியையும் ஒரு பாடமாக வைக்கட்டும். கடைக்காரர்கள் ஒரு தட்டையாவது யு.என்.எஃப். போல்ட்டுக்கு ஒதுக்கட்டும், இருபது கிலோ சீலிங் ஸ்குரூ விற்கும் இடத்தில் இரண்டு கிலோ இருந்தால் போதும். வண்டி வைத்திருப்பவர்கள் புரி அளக்கும் சீப்பு ஒன்றை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய ஆணியைக் கழற்றியதும் எறியாமல் எந்தத் துளைக்குரியது என்று எழுதிக் கட்டிவையுங்கள். அதுவே உங்கள் மாதிரி. துருப்பிடித்த நட்டை அதன் அளவுக்குரிய டெப் விட்டுச் சுத்தம் செய்தால் பெரும்பாலும் உயிர் பெற்றுவிடும்.

எங்கள் டின்னில் இன்னும் பதினொரு போல்ட்டுக்கு இடம் காலியாக இருக்கிறது. அடுத்த பயணம் பஞ்சிகாவத்தைக்கு. அங்கும் கிடைக்காவிட்டால், அந்தப் பதினொன்றையும் கடைந்து தரக்கூடிய முதிய கைகள் அம்பாறைக் கரையில் எங்கேனும் எஞ்சியிருந்தால் எனக்கு எழுதுங்கள்.