பெட்டி வழிபாடு

கிதாரைப் பற்றி எழுத இவனுக்கு என்ன யோக்கியதை என்று கேட்பவர்கள் தாராளமாகக் கேட்கலாம். எனக்குக் கிதார் வாசிக்கத் தெரியாது. ஆனால் இரண்டு காதுகள் இருக்கின்றன. அறுபது வயதைத் தாண்டியும் அவை ஒழுங்காக வேலை செய்கின்றன. இன்னும் சில காலம் வேலை செய்யவேண்டும் என்ற ஆசையும் இருக்கிறது. இந்தத் தகுதிகள் போதும் என்பது என் அபிப்பிராயம்.

சென்ற வருஷம் என் தங்கையின் மகன் என்னிடம் கடன் கேட்டு வந்தான். மெல்லிசைக் குழு ஒன்றில் எலெக்ட்ரிக் கிதார் வாசிக்கிறவன். கல்யாண வரவேற்பு, கோயில் திருவிழா, கல்லூரி விழா என்று மாதத்தில் பத்துப் பன்னிரண்டு கச்சேரி. நல்ல கை. அடக்கமான பையன். அவன் கேட்ட தொகைக்கு இரண்டு ஸ்கூட்டர் வாங்கலாம்.

"எதுக்குடா இவ்வளவு?" என்றேன்.

"ஆம்ப்ளிஃபயர் மாமா. நூறு வாட்ஸ். கீழே நாலு ஸ்பீக்கர் வெச்ச பெட்டி. எங்க ஓனர் கண்டிப்பா சொல்லிட்டார். மேடையிலே பார்க்கிறதுக்கே ஒரு கம்பீரம் இருக்கணுமாம்."

பார்க்கிறதுக்கு என்றான். கேட்கிறதுக்கு என்று சொல்லவில்லை. அந்த ஒரு சொல் என் மனத்தில் முள்ளாகத் தைத்தது. அதைவிட ஆழமாகத் தைத்தது இன்னொன்று. பேசிக்கொண்டிருந்த அரை மணிக்குள் மூன்று தடவை "என்ன மாமா?" என்று கேட்டு வலது காதைத் திருப்பினான். இருபத்தாறு வயது. இராத்திரி படுத்தால் காதுக்குள் சுவர்க்கோழி கத்துகிறது என்று சாதாரணமாகச் சொன்னான். மழை வரும்போல் இருக்கிறது என்று சொல்வதுபோல.

கடன் கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். ஏன் கொடுக்கவில்லை என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். அவனுடைய முதலாளியைப் போன்றவர்கள் நாட்டில் அநேகம் பேர் இருக்கிறார்கள். பெட்டி பெரிதானால் சங்கீதம் பெரிதாகும் என்று நம்புகிறவர்கள். இந்த நம்பிக்கையைப் போல அடிப்படையற்ற மூடநம்பிக்கை வேறொன்று இல்லை என்று சொல்லத் துணிகிறேன்.

முதலில் ஒன்று. கிதாரின் ஆம்ப்ளிஃபயரும் பெட்டியும் வெறும் ஒலிபெருக்கி அல்ல. மாநாட்டுப் பந்தலில் கட்டும் குழாயைப் போல, இருக்கிற சத்தத்தைப் பெரிதாக்கிக் கொடுப்பதோடு அவற்றின் வேலை முடிவதில்லை. எலெக்ட்ரிக் கிதாரின் உடம்பு பெரும்பாலும் கெட்டியான மரப்பலகை. மின்சாரம் இல்லாமல் மீட்டினால் பக்கத்து அறைக்குக்கூடக் கேட்காது. தந்தியின் அதிர்வைக் காந்தச் சுருள் ஒன்று மின்சாரமாக்குகிறது. அதற்குக் குரல் கொடுப்பது ஆம்ப்ளிஃபயரும் பெட்டியும்தான். வீணைக்குக் குடம் எப்படியோ அப்படி. கிதாருக்கென்று செய்த ஸ்பீக்கர் சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ள ஒலியைப் பெரும்பாலும் விழுங்கிவிடுகிறது. அது குறையல்ல, குணம். ராக் சங்கீதத்தில் வரும் அந்தக் கரகரத்த நாதத்தை வீட்டு ஸ்டீரியோ ஸ்பீக்கரில் நேராகக் கொடுத்துப் பாருங்கள், தகர டப்பாவில் குளவி புகுந்ததுபோல் இருக்கும். ஆகவே பெட்டியைத் தேர்ந்தெடுப்பது என்பது குரலைத் தேர்ந்தெடுப்பது. குடத்தின் எடையைக் கேட்டு வீணை வாங்குகிற வித்துவானை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

அப்படியானால் இந்த நாலு ஸ்பீக்கர் பெட்டி மோகம் எங்கிருந்து வந்தது? லண்டனுக்கு மேற்கே ஹான்வெல் என்ற இடத்தில் 1960-இல் ஜிம் மார்ஷல் என்பவர் ஒரு வாத்தியக் கடை திறந்தார். அவர் டிரம் வாசிப்பவர், டிரம் சொல்லிக்கொடுப்பவர். டிரம் வாங்க வந்தவர்களோடு கிதார்க்காரர்களும் வந்தார்கள். அமெரிக்க ஃபெண்டர் ஆம்ப்ளிஃபயருக்கு அங்கே யானை விலை. 1962-இல் மார்ஷலின் ஆட்கள் ஃபெண்டரின் 'பாஸ்மன்' என்னும் வால்வு ஆம்ப்ளிஃபயரைப் பார்த்து, கிட்டத்தட்ட அதே மாதிரி ஒன்றைச் செய்தார்கள். பெட்டியில்தான் பெரிய வித்தியாசம். பாஸ்மனில் 10 அங்குல ஸ்பீக்கர்கள் நான்கு. பெட்டியின் முதுகு திறந்திருக்கும். மார்ஷல் செலெஷன் கம்பெனியின் 12 அங்குல ஸ்பீக்கர்கள் நான்கை முதுகு அடைத்த பெட்டியில் பொருத்தினார். ஏன் நான்கு? அந்நாளைய ஸ்பீக்கர் தனியாக அதிக வாட்ஸ் தாங்காது, கிழிந்துபோகும். பாரத்தை நாலு பேராகச் சுமக்கட்டும் என்ற ஏற்பாடு அது. அதில் தெய்வ ரகசியம் ஒன்றும் கிடையாது.

பிறகு 1965-இல் 'தி ஹூ' குழுவின் பீட் டவுன்ஷெண்ட் வந்து இன்னும் சத்தம் வேண்டும் என்றார். 100 வாட்ஸ் பிறந்தது. எட்டு ஸ்பீக்கர்களை ஒரே பெட்டியில் போட்டுத் தரச் சொன்னார், போட்டுக் கொடுத்தார்கள். அதைச் சுமந்த ஆட்களின் முதுகு ஒடிந்தது. கடைசியில் எட்டை நாலு நாலாகப் பிரித்து ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினார்கள். இன்று உலகமெங்கும் வாலிபர்கள் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் அந்த அடுக்கின் பூர்வோத்தரம் இவ்வளவுதான்.

அந்தக் காலத்தில் அதற்கு நியாயம் இருந்தது. அதை மறுக்க மாட்டேன். அப்போது மைக் பாடகனுக்கு மட்டும்தான். கிதாரின் சத்தம் அதன் பெட்டியிலிருந்துதான் கடைசி வரிசைவரை போயாகவேண்டும். 1965 ஆகஸ்ட் 15-ஆம் தேதி நியூயார்க்கின் ஷே ஸ்டேடியத்தில் பீட்டில்ஸ் வாசித்தபோது கூட்டம் 55,000-க்கு மேல். மேடையில் வாக்ஸ் கம்பெனியின் 100 வாட்ஸ் ஆம்ப்ளிஃபயர்கள். பாட்டு, மைதானத்தில் அறிவிப்புச் செய்யும் ஒலிபெருக்கியில் போயிற்று. ரசிகைகளின் கூச்சலில் வாசித்தவர்களுக்கே தாங்கள் வாசிப்பது கேட்கவில்லை. அந்த நிலைமையில் யாராயிருந்தாலும் பெரிய பெட்டி கேட்கத்தான் செய்வார்கள்.

இன்று அந்த நிலைமையா? கிதார்ப் பெட்டியின் முன்னால் ஒரு மைக்கை வைத்தால், மண்டபத்தின் ஒலிபெருக்கி மற்றதைப் பார்த்துக்கொள்கிறது. திவசத்தன்று தொந்தரவு செய்த பூனையைத் தகப்பனார் கூடையால் கவிழ்த்தார்; பூனை செத்தபின் பிள்ளை திவசத்துக்காகப் பூனை தேடி அலைந்தான் என்று கதை சொல்வார்கள். நம் குழு முதலாளிகள் இப்போது பூனை தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

வாட்ஸ் கணக்குக்கு வருவோம். இதைத் தெரிந்துகொள்ளாமல் கடைக்குள் கால் வைக்கக் கூடாது. ஆம்ப்ளிஃபயரின் சக்தியை இரட்டித்தால் ஒலி கூடுவது 3 டெசிபல்தான். காதுக்கு 'இரண்டு மடங்கு' என்று தோன்றவேண்டுமானால் சுமார் 10 டெசிபல் கூடவேண்டும். அதற்குப் பத்து மடங்கு சக்தி தேவை. அதாவது 100 வாட்ஸ், 10 வாட்ஸைவிட இரண்டு மடங்குதான் சத்தம். 50-க்கும் 100-க்கும் உள்ள வித்தியாசம் விலைச்சீட்டில் தெரிகிற அளவு காதில் தெரியாது! இன்னொரு பக்கம், ஸ்பீக்கருக்கு ஸ்பீக்கர் கூர்மை வேறுபடும். ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தூரத்தில் அளந்தால் ஒன்று 97 டெசிபல் தரும், இன்னொன்று 100 தரும். முதலாவதை எடுத்துவிட்டு இரண்டாவதைப் போட்டாலே ஆம்ப்ளிஃபயரை இரட்டித்த பலன். குரலும் மாறும். செலெஷனின் 'கிரீன்பேக்' 25 வாட்ஸ் தாங்கும், அளவில் 98 டெசிபல். அதே கம்பெனியின் 'விண்டேஜ் 30' பெயரில்தான் 30, தாங்குவது 60 வாட்ஸ், அளவில் 100 டெசிபல். பச்சை முதுகுக்காரன் சற்றுக் கம்மிய இனிமையோடு பேசுவான்; மற்றவன் கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு முன்னால் வருவான். இரண்டும் 12 அங்குலம்தான். எது வேண்டும் என்பதைக் காதைக் கேட்டுத்தான் முடிவு செய்யவேண்டும். ஓம்ஸ் பொருத்தத்தைப் பார்க்க மறக்கக் கூடாது. ஸ்பீக்கர் மாட்டாமல் வால்வு ஆம்ப்ளிஃபயரை முடுக்கினால் உள்ளே டிரான்ஸ்பார்மர் போய்விடும். ஜாதகப் பொருத்தத்தைவிட இது முக்கியம்.

வேடிக்கை என்னவென்றால், பெரும்பாலான கிதார்க்காரர்கள் தங்கள் பெட்டியின் உண்மையான குரலைக் கேட்டதே இல்லை. 12 அங்குல ஸ்பீக்கர் கூரிய ஸ்தாயிகளை நாலா பக்கமும் தெளிக்காது, டார்ச் விளக்குப்போல நேர் எதிரே பாய்ச்சும். பெட்டி தரையில் இருக்கிறது. பையன் அதற்கு மூன்றடி முன்னால் நிற்கிறான். ஒலி போய்ச் சேருவது அவனுடைய முழங்காலில். முழங்காலுக்குக் காது இல்லை. 'கூர்மை போதவில்லை' என்று திருகைத் திருப்புகிறான், மேலும் திருப்புகிறான். முன்வரிசையில், மாப்பிள்ளையின் பாட்டி உட்கார்ந்திருக்கிறாளே, அவள் காதில் அது கத்தியாக இறங்குகிறது. இதற்குப் பரிகாரம் காசில்லாதது: பெட்டியைத் தூக்கி ஒரு நாற்காலிமேல் வை, அல்லது பின்புறம் சாய்த்து வை. ஃபெண்டர் கம்பெனி பெட்டியைச் சாய்ப்பதற்கென்றே காலும் வைத்து விற்றது.

முதுகு திறந்ததா, அடைத்ததா என்பதும் இடத்தைப் பொறுத்தது. அடைத்த பெட்டி ஒலியை முன்னால் தள்ளும், நெஞ்சில் குத்தும். திறந்த பெட்டி பின்னாலும் பேசும். டிரம்காரனுக்கும் பாடுகிற பெண்ணுக்கும் அது கேட்கும். வழவழவென்ற கல் தரையும் கண்ணாடியும் சிமெண்டுமாகக் கட்டிய நம் கல்யாண மண்டபங்களில், அடைத்த பெட்டி நாலு ஸ்பீக்கரோடு குமுறினால் கேட்பது சங்கீதமல்ல, லாரி.

"வால்வு ஆம்ப்ளிஃபயரை முழுக்கத் திருகினால்தான் அந்த ஜீவனுள்ள கரகரப்பு வரும், உமக்கு இதெல்லாம் தெரியாது" என்று ஒரு கட்சி உண்டு. தெரியும் ஐயா. வாஸ்தவம்தான். அதனால்தான் சின்னது வாங்கு என்கிறேன்! 100 வாட்ஸை முழுக்கத் திருகினால் மண்டபம் காலியாகும். ஐந்தையோ பதினைந்தையோ முழுக்கத் திருகலாம். 1970-இல் எரிக் கிளாப்டனும் டுவேன் ஆல்மனும் 'லேலா' இசைத்தட்டுக்கு வாசித்தது ஃபெண்டர் 'சாம்ப்' என்னும் குட்டி ஆம்ப்ளிஃபயரில். சுமார் ஐந்து வாட்ஸ், ஒரே ஒரு சிறு ஸ்பீக்கர். மலை இடிந்து விழுவதுபோல் கேட்கிற லெட் ஸெப்பலினின் முதல் இசைத்தட்டில் ஜிம்மி பேஜ் உபயோகித்ததும் சின்ன ஸுப்ரோதான். அது ஒலிப்பதிவுக் கூடம், மேடை வேறு என்பார்கள். சரி. 'ஷாடோஸ்' குழுவின் ஹாங்க் மார்வின் சத்தம் போதவில்லை என்று கேட்டதற்கு வாக்ஸ் கம்பெனி கொடுத்தது 30 வாட்ஸ், இரண்டு ஸ்பீக்கர். கூச்சலிடும் அரங்குகளில் பீட்டில்ஸ் ஆரம்ப காலத்தில் சமாளித்ததும் அதே 'ஏஸி 30'-ஐ வைத்துத்தான்.

இன்னும் சிலர் பெட்டியே வேண்டாம், பெட்டியின் குணத்தைக் கணக்காக்கி ஒரு சின்னக் கருவியில் அடைத்துவிட்டோம் என்கிறார்கள். கேட்டேன். நன்றாகத்தான் இருக்கிறது. அவர்களோடு எனக்குச் சண்டையில்லை.

நெஞ்சில் குத்துகிற அந்த ஆனந்தம் எனக்கும் தெரியும். ஒரு முறை அப்படிப்பட்ட அடுக்கின் எதிரே நின்றேன். என் சட்டை காற்றில்லாமல் படபடத்தது. உண்மையைச் சொல்லவேண்டும், பிடித்திருந்தது. ஆனால் அந்த ஆனந்தத்துக்கு விலை இருக்கிறது. 85 டெசிபல் ஒலியில் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் இருக்கலாம், ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும் என்று அமெரிக்கத் தொழில் சுகாதார நிபுணர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். 100 டெசிபலில் பதினைந்தே நிமிஷம். 100 டெசிபல் கூர்மையுள்ள ஸ்பீக்கருக்கு 100 வாட்ஸ் கொடுத்தால் ஒரு மீட்டரில் ஏறத்தாழ 120. என் மருமகனின் கச்சேரி மூன்று மணி நேரம். அடுக்கைக் கேட்டு வாங்கிய டவுன்ஷெண்டுக்கே காது இரைச்சல் வந்தது. அதைப் பகிரங்கமாகச் சொல்லி மற்றவர்களை எச்சரித்தார். ஹெட்போன்தான் பெரிய காரணம் என்றும் அவர் சொன்னதுண்டு. அதையும் குறிப்பிடுவது நியாயம். உலகிலேயே அதிகச் சத்தம் போடும் குழு என்று 1976-இல் அவருடைய குழுவின் கச்சேரியைப் பதிந்த கின்னஸ் புத்தகம், காதைக் கெடுக்கிற போட்டியை வளர்க்கக் கூடாது என்று பின்னால் அந்தப் பிரிவையே எடுத்துவிட்டது.

பையனைக் காது டாக்டரிடம் அழைத்துப் போனேன். அவர் ஒரு கோடு வரைந்து காட்டினார். நேராக வந்த கோடு 4,000 ஹெர்ட்ஸ் அருகில் பள்ளத்தில் இறங்கி ஏறியது. "போனது வராது. மிச்சத்தைக் காப்பாற்றிக்கொள்" என்றார். பஸ்ஸில் திரும்பும்போது அவன் பேசவில்லை. நானும் பேசவில்லை. காதடைப்பான் இருந்த சின்ன டப்பாவைக் கையில் உருட்டிக்கொண்டே வந்தான்.

பிறகு நானே பணம் போட்டு 15 வாட்ஸ் வாங்கிக் கொடுத்தேன். 12 அங்குல ஸ்பீக்கர் ஒன்று, முதுகு திறந்தது. அவனே ஒரு கையால் தூக்குகிறான். முதலாளி அதைப் பார்த்துவிட்டு, இதை வைத்துக்கொண்டு என் மேடையில் ஏறாதே என்றாராம். அப்போது அவன் சமயோசிதமாக ஒரு செய்தி சொல்லியிருக்கிறான்: மேல்நாட்டுப் பெரிய மேடைகளில் மதில்போல் அடுக்கியிருக்கும் பெட்டிகளில் பல வெறும் கூடு, உள்ளே ஸ்பீக்கரே கிடையாது என்று. அது மெய்தான்; எல்லோருக்கும் தெரிந்த மேடை ரகசியம். முதலாளிக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. தச்சரிடம் சொல்லி இரண்டு பெட்டி செய்வித்தார். கறுப்புத் துணி, வெள்ளி நிற விளிம்பு, நாலு மூலைக்கும் தகடு. உள்ளே ஒன்றுமில்லை.

சென்ற மாதம் ஒரு கல்யாண வரவேற்பில் அவன் வாசிப்பதைக் கேட்டேன். நாற்காலிமேல் சின்னப் பெட்டி, அதன் முன்னால் மைக். முன்வரிசைக் கிழவிகள் எழுந்து போகவில்லை. பாட்டின் ஒவ்வொரு சொல்லும் காதில் விழுந்தது. கச்சேரி முடிந்ததும் பெண் வீட்டுப் பெரியவர் ஒருவர் மேடை ஏறி வந்தார். பையனைத் தாண்டிப் போய்த் தச்சர் செய்த பெட்டியை இரண்டு தட்டுத் தட்டினார்.

"என்ன நாதம் தம்பி! இதுதானே அந்த நூறு வாட்ஸ்?" என்றார்.