பாட்டி பாத்திரம்னா கண்ணை மூடிட்டு வாங்கலாமா?

அம்பத்தூர் எஸ்டேட்டை ஒட்டியிருக்கும் மண்ணூர்பேட்டையில், லேத் பட்டறையில் வேலை பார்க்கிற யாரிடமாவது ஒரு ஸ்டீல் துண்டைக் கொடுத்துப் பாருங்கள். முதல் கேள்வி, ``இது என்ன கிரேடு?'' என்பதாகத்தான் இருக்கும். 304-ஆ, 202-ஆ என்று தெரியாமல் மெஷினில் ஏற்ற மாட்டார்கள். அதே ஆள் வீட்டுக்கு ஒரு கடாய் வாங்கும்போது அந்தக் கேள்வியைக் கேட்கிறாரா? நாம் யாருமே கேட்பதில்லை என்பதுதான் நிஜம்.

இப்போ அந்தக் கேள்விக்கு அவசரம் வந்திருக்கிறது. 2025 ஆகஸ்ட்டில் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ., சில இறக்குமதிப் பாத்திரங்களிலிருந்து உணவில் காரீயம் கலக்கலாம் என்று எச்சரித்தது. அலுமினியம், பித்தளை, கூடவே நம்ம ஊர் `இண்டாலியம்'. அந்தப் பட்டியலில் இந்தியத் தயாரிப்புகளும் இருந்தன. அதற்கு முன்பே 2022-ல், வாஷிங்டன் மாநிலத்தில் குடியேறிய ஆப்கன் குடும்பங்களின் பாத்திரங்களை ஆய்வாளர்கள் சோதித்தபோதும் இண்டாலியம் வகையும் சிக்கியது. குழந்தைகளின் ரத்தத்தில் காரீயம் கூடியிருந்ததுதான் அந்தத் தேடலின் தொடக்கமே. காரீயத்தில் `இவ்வளவு வரை ஓகே' என்று ஓர் அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

எல்லா இண்டாலியமும் விஷம் என்று அர்த்தமில்லை. கண்ட கழிவு உலோகத்தையும் உருக்கி வார்க்கும்போதுதான் வம்பு.

``அப்போ பாரம்பர்யத்துக்கே திரும்பிடலாமே'' என்று ரீல்ஸ் பார்த்து ஈயச் சொம்பு ஆர்டர் போடுகிறோம். இங்கேதான் ஒரு சிக்கல். தமிழில் `ஈயம்' என்றால் இரண்டு உலோகம். ரசம் வைக்க வேண்டியது வெள்ளீயத்தில். காரீயம் வேறு, அது நஞ்சு. விலை குறைவு என்று கலப்படச் சொம்பை வாங்கி அதில் புளித்தண்ணீரைக் கொதிக்கவைத்தால், அமெரிக்கா எச்சரித்த அதே காரீயம் நம் ரசத்தில் இறங்கும்.

பாட்டிகளிடம் இருந்தது பாத்திரம் மட்டுமில்லை, எதில் எதைச் சமைக்கணும் என்ற கணக்கும்தான். புளிக்குழம்புக்கு மண்சட்டி, கல்சட்டி. பித்தளை என்றால் உள்ளே ஈயம் பூசியிருக்கணும். பூச்சு தேய்ந்தால் புளி, தயிர் பக்கமே போகக் கூடாது. வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும், அதனால் சொம்பில் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் அடுப்பு. புதுக் கல்சட்டியை எண்ணெய் தடவி, கஞ்சித் தண்ணீர் ஊற்றிப் பல நாள் பழக்கணும்.

குடகு மலையிலும் இதே கதைதான். பன்றிக்கறிக்கு அவசியமான, கடும் புளிப்புள்ள கச்சம்புளியைக் கொடவர்கள் மண்பானையில்தான் காய்ச்சி எடுத்தார்கள். புளிப்புக்கும் உலோகத்துக்கும் ஆகாது என்பது அவர்களுக்கும் தெரிந்திருந்தது. ஆன்லைனில் பாத்திரம் வருகிறது. இந்தக் கணக்கு பார்சலில் வருவதில்லை.

2024-ல் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், அலுமினியப் பாத்திரங்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையைக் கட்டாயமாக்கி ஒன்றிய அரசு ஆணை போட்டது. நல்ல விஷயம். ஆனால், எடைக்கு எடை போட்டு வாங்கும் பாத்திரத்தில் முத்திரையைத் தேடுவது நாம்தான்.

அடுத்தமுறை வாங்கும்போது மூன்று விஷயம்:

* என்ன உலோகம், என்ன கிரேடு என்று கேளுங்கள். பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

* ஈயச் சொம்பு என்றால் `வெள்ளீயம்' என்பதற்கான பரிசோதனைச் சான்று கேளுங்கள். கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

* எதில் வார்த்தது என்றே தெரியாத பழைய சட்டியில் புளி, தக்காளி, எலுமிச்சை வேண்டாம். சமைத்ததை அதிலேயே ராத்திரி முழுக்க வைக்கவும் வேண்டாம்.

கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும். பட்டறையில் ஒரு போல்ட்டுக்குக் கேட்கிற கேள்வியை, நம்ம வீட்டுப் பிள்ளை சாப்பிடும் ரசத்துக்குக் கேட்கக் கூடாதா என்ன?