"சைட் டவுன்" இல்ல சார், என்ன எரர்னு பாருங்க!

மாசம் 20ஆம் தேதி ராத்திரி மயிலாப்பூர், தி.நகர் பக்கம் ஏதாவது ஒரு ஆடிட்டர் ஆபீஸ் மாடிப்படி ஏறிப் பாருங்கள். ஆறிப்போன டீ, பில் ஃபைல்கள், ஜிஎஸ்டிஆர்-3பி. கடைசி நாள். ஆர்டிகிள்ஷிப் பையன் பட்டனை அமுக்குவான். வட்டம் சுத்தும். அப்புறம் ஒரு வெள்ளைப் பக்கம் வரும். "சார், சைட் டவுன்!" என்று குரல் கொடுப்பான். உள்ளேயிருந்து "ரெஃப்ரெஷ் பண்ணுப்பா" என்று பதில் வரும். அவ்வளவுதான் டெக்னிகல் சப்போர்ட் :-)

அந்த வெள்ளைப் பக்கத்தில் சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கும். கோளாறு யார் பக்கம் என்று பிரவுசர் அங்கேதான் சொல்கிறது. அதை மட்டும் யாரும் படிப்பதில்லை.

பெரிய வித்தை ஒன்றும் இல்லை. "டிஎன்எஸ்" என்று ஆரம்பித்தால் முகவரி தேடும் இடத்திலேயே சிக்கல், சைட் வரைக்கும் போகவே இல்லை என்று அர்த்தம். ரவுட்டரையும், டைப் பண்ணின முகவரியையும் பார்க்கணும். "செர்ட் டேட் இன்வேலிட்" என்றால் பாதுகாப்புச் சான்றிதழின் தேதி பொருந்தவில்லை. சைட்காரர்கள் புதுப்பிக்க மறந்திருக்கலாம். ஆனால் பழைய டெஸ்க்டாப் என்றால் முதலில் மூலையில் இருக்கிற கடிகாரத்தைப் பாருங்கள். மதர்போர்டில் இருக்கும் காசு சைஸ் பேட்டரி செத்துப்போனால் கம்ப்யூட்டர் பல வருஷம் பின்னால் போய் நிற்கும். அதற்காக ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய் ஃபார்மட் அடிக்க வேண்டாம். பேட்டரி மாத்தினால் போதும்.

மூணு இலக்க எண் வந்தால் ஏதோ ஒரு சர்வர் பதில் சொல்லிவிட்டது. 4இல் ஆரம்பித்தால் பெரும்பாலும் கேட்ட விதத்தில் தப்பு. 404 என்றால் அந்தப் பக்கம் இல்லை, 401 என்றால் லாகின் செல்லவில்லை, 403 என்றால் அனுமதி இல்லை. 5இல் ஆரம்பித்தால் கோளாறு எதிர்ப்பக்கம். 503 என்றால் சர்வரால் இப்போது கவனிக்க முடியவில்லை. 504 என்றால் உள்ளே இருக்கும் இன்னொரு சர்வர் நேரத்துக்குப் பதில் தரவில்லை. இதற்கு இங்கே கீபோர்டைத் தட்டிப் பிரயோஜனமே இல்லை.

எதுவுமே எழுதாமல் வட்டம் மட்டும் சுத்தினால்? எஃப்12 தட்டி, நெட்வொர்க் என்ற டேபைத் திறந்து வைத்துக்கொண்டு மறுபடி பட்டனை அமுக்கணும். பிரவுசர் அனுப்பின ஒவ்வொரு கோரிக்கையும் வரிசையாக வரும். தோற்றுப்போனது சிவப்பில் நிற்கும். சர்வர் பதில் தந்திருந்தால், அந்த வரியின் ரெஸ்பான்ஸ் ஹெடரில் பெரும்பாலும் "டேட்" என்று ஒன்று இருக்கும். அது சர்வரின் கடிகாரம் சொல்லும் நேரம், ஜிஎம்டி கணக்கில். 18:28 என்று இருந்தால் இந்தியாவில் ராத்திரி 11:58.

இந்த நேரம் எவ்வளவு பெறும் என்று புரிய டிரான்-1 கதையைப் பார்க்கணும்.

2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்தது. எக்சைஸ், வாட், சர்வீஸ் டாக்ஸ் என்று பழைய வரிகளில் வியாபாரிகள் கையில் இருந்த கிரெடிட்டை புதுக் கணக்குக்கு மாற்ற டிரான்-1 படிவம் போடணும். கடைசி நாள் தள்ளித் தள்ளி 2017 டிசம்பர் 27 ஆனது. போர்ட்டல் கோளாறால் போட முடியவில்லை என்று நாடு முழுக்கப் புகார். 2018 ஏப்ரல் 3ஆம் தேதி வந்த சுற்றறிக்கை இதற்கு ஒரு குறைதீர் ஏற்பாடு செய்தது. ஆனால் நிபந்தனை உண்டு. தாக்கல் செய்ய நேர்மையாக முயன்றதற்கு ஆதாரம் வேணும். போர்ட்டலின் லாகில் தடயம் இல்லை என்று பலரும் திருப்பி அனுப்பப்பட்டார்கள். சென்னை உள்பட பல ஹைகோர்ட்டுகளில் வழக்கு. கடைசியில் 2022 ஜூலை 22 அன்று ஃபில்கோ டிரேட் சென்டர் வழக்கில் சுப்ரீம் கோர்ட் போர்ட்டலை இரண்டு மாதம் திறக்கச் சொன்னது. அந்த வருஷம் அக்டோபர் 1 முதல் நவம்பர் 30 வரை கதவு திறந்தது. கிட்டத்தட்ட ஐந்து வருஷம்! சின்ன வியாபாரிக்கு அது சரக்கு எடுக்க வேண்டிய பணம்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். சர்வர் லாக் என்பது சர்வர்காரர் கையில் இருக்கும் நோட்டு. கோரிக்கை பாதி வழியிலேயே செத்துப்போனால் அந்த நோட்டில் வரவே வராது. அந்த முயற்சியை நேரில் பார்த்த ஒரே சாட்சி பிரவுசர்தான். அந்த சாட்சியை "ரெஃப்ரெஷ்" அமுக்கி அழித்துவிட்டு, பிறகு ஆதாரம் இல்லையே என்று அலைவதில் என்ன நியாயம்?

எஃப்12 வழியாகவே திரையில் உள்ள எழுத்தை மாற்ற முடியுமே, ஸ்க்ரீன்ஷாட்டை யார் நம்புவார்கள் என்று கேட்கலாம். சரியான கேள்வி. அது தனியாக நிற்காதுதான். ஆனால் நேரம், முகவரி, எரர் எண் மூன்றையும் அன்றைக்கே ஜிஎஸ்டி குறைதீர் தளத்தில் டிக்கெட்டாகப் போட்டுவிட்டால், போர்ட்டல்காரர்கள் தங்கள் லாகில் எங்கே தேடணும் என்பது தெரிந்துவிடும். "நேற்று சைட் வேலை செய்யலை" என்ற புகாரை வைத்துக்கொண்டு யாராலும் எதையும் தேட முடியாது.

இதையெல்லாம் வரி கட்டுகிறவர் ஏன் கற்றுக்கொள்ளணும் என்பதும் நியாயமான கோபம். தாக்கல் வெற்றியானால் ஒரு எண் தருகிற போர்ட்டல், தோற்ற முயற்சிக்கும் ஒரு எண் தரணும். அதுதான் முறை. அது வரும்வரை, டேலியும் எக்செலும் சொல்லித் தரும் காமர்ஸ் வகுப்புகளில் எரர் படிக்க ஒரு மணி நேரம் ஒதுக்கலாம். ரசீது இல்லாமல் கணக்கு எழுதக் கூடாது என்று முதல் வருஷமே சொல்லித் தருகிறார்கள். எரர் பக்கமும் ஒரு ரசீதுதான்.

டிஸ்கி: நெட்வொர்க் டேபில் மொத்தத்தையும் "ஹார்" ஃபைலாக சேவ் பண்ணலாம். ஆனால் அதில் லாகின் குக்கி, பாஸ்வேர்ட் எல்லாம் சேர்ந்து வரக்கூடும். வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு "யாராவது பாருங்களேன்" என்று கேட்டுவிடாதீர்கள்!